மச்சம் வேண்டாம், தோல் செருப்பு வேண்டுமா?



காரைதீவுப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பத்து வருடங்களுக்கு மேலாக அவர் மச்சம் சாப்பிடுவதில்லை. கருவாடு கூட இல்லை. இலண்டனில் இருக்கும் தங்கை அண்மையில் அவருக்கு ஒரு தோல் கைப்பையும் ஒரு சோடித் தோல் செருப்பும் அனுப்பியிருக்கிறார். அவற்றைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போன அன்று, தெரிந்த பெண்ணொருவர் சிரித்துக்கொண்டே, "மாட்ட வாயால தின்னாட்டி என்ன, காலால தின்னுறீங்கதானே" என்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து கைப்பை அலுமாரிக்குள் கிடக்கிறது. "போடலாமா, போடக்கூடாதா? ஒரு பதில் சொல்லுங்கள்" என்று கேட்கிறார்.

காணி, கடன், காணாமற்போனோர் என்று எழுத எவ்வளவோ இருக்க, ஒரு செருப்புக்கு இந்தப் பக்கத்தைக் கொடுப்பதா என்று சிலர் நினைக்கலாம். ஆனால் மாட்டைப் பற்றிய பேச்சு எங்கள் கரையில் எங்கே தொடங்கி எங்கே போய் முடியும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே கொஞ்சம் விரிவாகவே பேசுவோம்.

முதலில், மச்சம் விட்டவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காக விட்டவர்கள் அல்லர். (எங்கள் தமிழில் சாப்பாட்டுக்கும் சமயத்துக்கும் 'சைவம்' என்ற ஒரே சொல் இருக்கிறது. "இண்டைக்கு நான் சைவம்" என்று ஒரு முஸ்லிம் பெண் சொன்னால் கூட்டத்தில் சிரிப்பு எழும்பாமல் இருப்பதில்லை.) பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயிலில் தீமிதிக்க விரதம் இருப்பவர்கள் அந்த நாட்களுக்கு மட்டும் விடுகிறார்கள். சிலர் குடும்ப வழக்கமாகவே சைவம். சிலருக்கு வைத்தியர் சொல்லி மாட்டிறைச்சி நின்றிருக்கிறது. இவர்களில் முஸ்லிம் பெண்களும் நிறையப் பேர். இன்னும் சிலர் ஓர் உயிரை அறுப்பதைக் கண்ணால் கண்டதன் பிறகு விட்டவர்கள். கடைசியாக, எங்கள் பகுதிக்கே உரிய ஒரு கூட்டம் இருக்கிறது. காணாமற்போன கணவன், மகன், சகோதரன் திரும்பி வரும்வரை மச்சம் தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்ட பெண்கள். நான் வேலை செய்யும் கிராமங்களில் இப்படியானவர்கள் சிலரை எனக்குத் தெரியும்.

வைத்தியர் சொல்லி விட்டவருக்குத் தோல் செருப்பில் ஒரு பிரச்சினையும் இல்லை. விரதக்காரருக்குக் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவதோடு விடயம் முடிந்தது. உயிருக்கு இரங்கி விட்டவருக்குத்தான் கேள்வி உண்மையில் கடிக்கிறது. நேர்ந்துகொண்டவருக்கு என்ன பதில் என்பதை அவரைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது.

முஸ்லிம் சகோதரிகளுக்கு இந்தக் கேள்வியே புதினமாகப் படலாம். எங்களிடத்தில் உண்பதற்கான சட்டம் வேறு, பாவிப்பதற்கான சட்டம் வேறு. மைமூனா (ரழி) அவர்களின் விடுதலை பெற்ற பணிப்பெண்ணுக்குத் தருமமாகக் கிடைத்த ஆடு செத்துக் கிடந்ததைக் கண்ட நபிகளார் (ஸல்) அவர்கள், அதன் தோலைப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்டதும், செத்த ஆடாயிற்றே என்றபோது அதை உண்பதுதான் விலக்கப்பட்டது என்று விளக்கியதும் ஹதீஸ்களில் வருகின்றன. ஆகவே சாப்பிட முடியாத பிராணியின் தோலைப் பதனிட்டுப் பாவிப்பது எங்களுக்கு முரண்பாடாகத் தெரிவதில்லை. ஆனால் இலேசாகச் சிரிக்கவும் முடியாது. நாங்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் பன்றி, நாய் இரண்டின் தோலும் பதனிட்டாலும் சுத்தமாகாது. வெளிநாட்டிலிருந்து சப்பாத்து வந்தால் உட்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்து, இது பன்றித் தோலா என்று கடைக்காரரையும் மௌலவியையும் கேட்கிறோம். அதை யாரும் கேலி செய்வதில்லை. மச்சம் சாப்பிடாத பெண் தன் செருப்பைத் திருப்பிப் பார்த்துக் கேட்பதும் அதே மாதிரியான கேள்விதான்.

இனி நான் நேரில் இருந்த ஒரு சம்பவம். 2023 ஆம் ஆண்டு, கல்முனைக்குக் கிட்டிய ஒரு மாதர் குழு. தமிழும் முஸ்லிமுமாகப் பதினான்கு பேர். தையல் பயிற்சி முடித்து, பாடசாலைப் பைகள் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கொழும்பிலிருந்து ஒரு கடைக்காரர் இருநூறு தோல் பணப்பைகளுக்குக் கட்டளை கொடுத்தார். பொருளாதார நெருக்கடியால் எல்லோரும் நொந்துபோயிருந்த நேரம். குழுவுக்கு அது பெரிய காசு. தோல் வந்து இறங்கியது. வெட்டுவதற்கு மேசையில் விரித்தபோது, குழுவில் மூத்தவரான ஓர் அக்கா எழும்பிப் போய்த் திண்ணையில் இருந்துவிட்டார். 1990 இல் கணவரைத் தொலைத்தவர் அவர். அன்றிலிருந்து மச்சம் இல்லை.

அந்தக் குழுவிலேயே இறைச்சிக்கடை வைத்திருப்பவர் ஒருவரின் மனைவியும் இருக்கிறார். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "மாட்டுத் தோலத் தொடமாட்டீங்க எண்டா, மாட்டறுக்கிறவர்ர பொண்டாட்டிக்குப் பக்கத்தில மட்டும் எப்பிடி இருப்பீங்க?" என்று கேட்டார். யாரும் பேசவில்லை.

அவருடைய கோபம் ஒரு மேசையில் பிறந்ததல்ல. 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடை செய்யும் யோசனைக்கு அமைச்சரவை அங்கீகாரம் கொடுத்தது ஞாபகம் இருக்கும். 2021 ஒக்டோபரில் அதற்காகச் சட்டங்களைத் திருத்தவும் அங்கீகாரம் கிடைத்தது. முதல் யோசனையிலேயே ஒரு வேடிக்கை இருந்தது: இங்கே அறுப்பதை நிறுத்துவது, சாப்பிடுகிறவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து இறைச்சியைக் கொண்டுவந்து சலுகை விலையில் கொடுப்பது. மாடு சாவதில் ஆட்சேபமில்லை, இங்குள்ளவர் கையால் சாகக்கூடாது என்றுதான் இறைச்சிக்கடைக் குடும்பங்களுக்கு அது விளங்கியது. எனக்கும் அப்படித்தான் விளங்கியது. அந்த நாட்களில் அந்தச் சகோதரியின் வீட்டில் நித்திரை இருந்திருக்காது. மூன்று வருடம் கழித்து ஒருவர் தோலைக் கண்டு எழும்பிப் போனால், அவருக்கு அதில் அமைச்சரவைத் தீர்மானம் தெரியத்தான் செய்யும்.

அக்கா திண்ணையில் இருந்தபடியே பதில் சொன்னார். "தங்கச்சி, ஒங்கட கையால நான் தண்ணி வாங்கிக் குடிக்கல்லியா? ஒங்கட வீட்டுப் பிட்டுத் தின்னல்லியா? அவர் வாற வரைக்கும் உசிர் போன சாமான் ஒண்டையும் தொடமாட்டன் எண்டு நேந்தன். வேற ஒண்டுமில்ல."

ஒரு நேர்ச்சை முப்பத்து மூன்று வருடம் நீண்டுபோனால் அதை மற்றவர்கள் மறந்துவிடுகிறார்கள். அந்தக் குழுவில் பாதிப்பேருக்கு அக்கா ஏன் மீன் சாப்பிடுவதில்லை என்றே தெரிந்திருக்கவில்லை. குழுவில் ஐந்து பேர் ஏதோ ஒரு வகையில் ஆளைப் பறிகொடுத்தவர்கள், இறைச்சிக்கடைக்காரரின் மனைவியும் உட்பட. அன்று பின்னேரம் தோலைப் பற்றிய பேச்சே நடக்கவில்லை.

அடுத்த கிழமை அவர்களாகவே ஒரு வழி கண்டார்கள். பணப்பைக்கு உட்துணி தேவை. மருதமுனைக் கைத்தறித் துணியில் அதை வெட்டித் தைப்பது அக்காவின் வேலை. தோலில் பொருத்துவது மற்றவர்கள். அக்கா உட்துணி தைத்த கூலியை வாங்கினார். இலாபத்தில் தன் பங்கை எடுக்கவில்லை. "அது தோல்ர காசு" என்றார். அந்தப் பங்கைக் குழுவின் அவசர நிதியில் போட்டு, கூட்ட அறிக்கைப் புத்தகத்திலும் எழுதிக்கொண்டோம். கூலிக்கும் இலாபத்துக்கும் நடுவில் அவர் போட்ட கோடு சரியா என்று தர்க்கம் பண்ணலாம். நான் பண்ணவில்லை. ஒவ்வொரு நூறு ரூபாவையும் எண்ணிச் செலவழிக்கும் ஒரு பெண் அந்தக் காசை விட்டார் என்பது எனக்குப் போதும்.

இப்போது வாசகியின் கேள்விக்கு வருவோம். தோல் பாவிக்கலாம் என்பவர்கள் சொல்லும் பலமான நியாயம் இதுதான்: மாடு இறைச்சிக்காக அறுக்கப்படுகிறது, தோல் மிஞ்சுவது. நீங்கள் செருப்பு வாங்காவிட்டாலும் அந்த மாடு பிழைக்கப்போவதில்லை. இதில் உண்மை இருக்கிறது. 2019 இல் பங்களாதேஷில் ஹஜ்ஜுப் பெருநாளின்போது தோல் விலை அடியோடு விழுந்தது. வாங்க ஆளில்லாமல் உழ்ஹிய்யாத் தோல்கள் வீதிகளில் கைவிடப்பட்டன. சில இடங்களில் புதைத்துவிட்டார்கள். தோலுக்கு விலை இல்லை என்பதற்காக உழ்ஹிய்யா நிற்கவில்லை. பால் குடிக்கும் சைவக்காரர்களுக்கும் இது பொருந்தும். பால் வற்றிய மாடும், பிறந்த ஆண் கன்றும் கடைசியில் எங்கே போகின்றன என்பதை மாடு வளர்க்கும் எந்தப் பெண்ணும் சொல்வார். 1944 இல் இங்கிலாந்தில் சில சைவ உணவுக்காரர்கள் பாலையும் விட வேண்டும் என்று தனியாகப் பிரிந்து, தங்களுக்கு 'வீகன்' என்று புதுப்பெயர் வைத்துக்கொண்டது இந்தக் காரணத்தால்தான். தோலும் வேண்டாம் என்பது அவர்களின் வழியாயிற்று.

ஆனால் மனச்சாட்சி கணக்குப் பார்த்து நடப்பதில்லை. 2004 டிசம்பர் 26 இற்குப் பிறகு இந்தக் கரையில் எத்தனை பேர் மாதக்கணக்கில் மீன் தொடாமல் இருந்தோம்? எங்களுடைய மக்களை இழுத்துக்கொண்டு போன கடலிலிருந்து வந்தது என்பதால் தொண்டைக்குள் இறங்கவில்லை. அதனால் ஒரு மீனும் பிழைக்கவில்லை. அன்று யாராவது வந்து "நீங்கள் தின்னாவிட்டால் மீனுக்கு என்ன இலாபம்" என்று கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

ஆகவே என் கருத்து: உயிருக்கு இரங்கி மச்சம் விட்டவர், காசு கொடுத்துப் புதிய தோல் பொருள் வாங்காமல் இருப்பதுதான் பொருத்தம். பாம்பு, முதலைத் தோல்கள், மிருகமயிர் உடுப்புகள், இவையெல்லாம் மிஞ்சியதில் செய்தவை அல்ல; தோலுக்கே விலை பேசப்படுபவை. ஏற்கெனவே கையில் இருப்பது வேறு விடயம். தங்கை அனுப்பிய செருப்பைக் குப்பையில் போட்டால் அந்த மாடு இரண்டு தரம் வீணாகிறது. தேயும்வரை போடுங்கள். மனம் ஒப்பாவிட்டால் தேவையான ஒருவருக்குக் கொடுங்கள். தங்கைக்கு அடுத்த முறை துணிப்பை அனுப்பச் சொல்லுங்கள். கேலி பேசியவருக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

காந்தியும் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியவர். மரக்கறி உணவில் அவ்வளவு பிடிவாதம் உள்ளவர், தென்னாபிரிக்காவில் தோல் செருப்புத் தைக்கப் பழகினார். தன்னைச் சிறையில் அடைத்த ஜெனரல் ஸ்மட்ஸுக்கே தான் செய்த செருப்பு ஒரு சோடியைக் கொடுத்துவிட்டு 1914 இல் இந்தியாவுக்குப் புறப்பட்டார். 1939 இல் காந்தியின் எழுபதாவது பிறந்தநாளுக்கு ஸ்மட்ஸ் அதைத் திருப்பி அனுப்பினார். பிற்காலத்தில் காந்தி கண்ட தீர்வு, அறுக்காமல் தானாகச் செத்த மாட்டின் தோலை மட்டும் பாவிப்பது.

கேட்க நல்லாகத்தான் இருக்கிறது. ஆனால் செத்த மாட்டை யார் உரிப்பது? இந்தியாவில் அந்த வேலை தலித் மக்களின் தலையில் கட்டப்பட்டிருந்தது. 2016 ஜூலையில் குஜராத் மாநிலம் ஊனாவுக்குப் பக்கத்தில், செத்த பசுவின் தோலை உரித்துக்கொண்டிருந்த தலித் இளைஞர்களை, பசுவைக் கொன்றதாகச் சொல்லி வெளிப்படையாக அடித்து ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். மிருதங்கத்தைப் பாருங்கள். மாடு, எருமை, ஆடு மூன்றின் தோலும் அதற்கு வேண்டும். வாசிக்கிறவர்களில் பலர் முட்டை கூடத் தொடாதவர்கள். அதைச் செய்து கொடுக்கும் குடும்பங்களைப் பற்றிப் பாடகர் டி. எம். கிருஷ்ணா புத்தகம் எழுதினார். 2020 இல் அந்தப் புத்தகத்தின் வெளியீட்டுக்கு மண்டபம் தருவதாக இருந்த சென்னை கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் அனுமதியை விலக்கிக்கொண்டது. எங்கள் அம்மன் கோயில்களில் உடுக்கும் பறையும் தோல்தான். அந்தத் தோலை இழுத்துக் கட்டியவருக்கு ஊரில் என்ன மரியாதை என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

சமூகவியல் வகுப்பில் எம். என். சிறினிவாஸ் எழுதியதைப் படித்தோம்: சாதியில் மேலே போக நினைப்பவர்கள் முதலில் இறைச்சியை விடுவார்கள் என்று. தோலை யாரும் அப்படி விட்டதாகத் தெரியவில்லை. தோல் பொருளை வைத்துக்கொண்டார்கள், அதைத் தொட்டவரைத் தள்ளிவைத்தார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். மச்சம் சாப்பிடாதவர் தோல் செருப்புப் போடுவது ஒரு சிறிய முரண்பாடு. தோல் செருப்பைப் போட்டுக்கொண்டு, மாடறுப்பவரையும் பறையடிப்பவரையும் அசிங்கமாகப் பேசுவது முரண்பாடு அல்ல, அநியாயம். அந்த அக்கா செய்தது இதற்கு நேர்மாறு. அவர் தோலை விட்டார், ஆளை விடவில்லை.

தோல் பதனிடும் ஊர்களையும் ஒரு தரம் எட்டிப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை எல்லாம் இந்தத் தொழிலால் பெயர்பெற்ற ஊர்கள். தமிழ் முஸ்லிம்கள் தலைமுறையாக நடத்தும் பதனிடும் சாலைகள் அங்கே நிறைய. சப்பாத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். எங்களைப் போன்ற பெண்களுக்கு அங்கே மாதச் சம்பளம் கிடைக்கிறது. அதே தொழில் பாலாற்றையும் கிணறுகளையும் நாசமாக்கி, 1996 இல் இந்திய உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியதாயிற்று. 2015 ஜனவரி 31 இல் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்தில் நித்திரையிலிருந்த தொழிலாளர் 10 பேர் கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். தோலுக்குப் பின்னால் மாடு மட்டும் இல்லை.

"அப்படியென்றால் றெக்சின் வாங்கிவிடுவோம்" என்கிறீர்களா? றெக்சின் என்பது துணிக்கு மேல் பூசிய பிளாஸ்ரிக். ஆறு மாதத்தில் தோல் உரிந்த மாதிரி உரியும். பிறகு குப்பைக்குப் போகும். எங்கள் மாவட்டத்தில் குப்பை எங்கே போகிறது? பள்ளக்காட்டுக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2008 இல் ஏற்படுத்தப்பட்ட இடம் அது. காவலுக்கு இருந்த மின்வேலி 2014 இல் இடி விழுந்து பழுதாகி, திருத்தப்படாமல் கிடந்தது. யானைகள் உள்ளே வந்து பொலித்தீனையும் பிளாஸ்ரிக்கையும் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கின. எட்டு வருடங்களில் சுமார் 20 யானைகள் அப்படிச் செத்ததாக 2022 ஜனவரியில் செய்திகள் வந்தன. மாட்டுக்கு இரங்கி வாங்கிய பை யானையின் வயிற்றில் போய் முடியக்கூடாது. நீண்ட நாள் உழைக்கிற எதுவும் உழைக்காததைவிட நல்லது, அது தோலோ துணியோ.

இனிச் சில கைக்குதவியான விடயங்கள்.

வெளிநாட்டிலிருந்து சப்பாத்து வந்தால் அடியிலோ உள்ளேயோ சிறிய படங்கள் இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பாவில் விற்கும் பாதணிகளில் மேற்பகுதி, உட்பகுதி, அடிப்பகுதி மூன்றும் எதனால் ஆனவை என்று படத்தால் காட்ட வேண்டும். விரித்த ஆட்டுத்தோல் மாதிரிப் படம் தோல். வலைப்பின்னல் மாதிரிப் படம் துணி. வெறும் வைரவடிவம் றப்பர், பிளாஸ்ரிக் போன்றவை. தோல் படத்துக்குள் வைரவடிவம் இருந்தால் பூச்சுப் பூசிய தோல். எந்தப் பிராணி என்று அது சொல்லாது. அதற்கு உட்தோலை வெளிச்சத்தில் பாருங்கள். மயிர்த் துளைகள் மும்மூன்றாக முக்கோணமாக இருந்தால் பன்றித் தோலாக இருக்கலாம். பூச்சுப் பூசியிருந்தால் அதுவும் தெரியாது, வாங்கிய கடையில்தான் கேட்க வேண்டும். தோலா றெக்சினா என்று பார்ப்பது இலேசு. ஓரத்தைத் திருப்புங்கள்: தோலின் பின்பக்கம் நார்நாராக இருக்கும், றெக்சினின் பின்பக்கம் துணி தெரியும்.

பைக்கு எங்களிடமே நல்ல பதில் இருக்கிறது. மருதமுனைத் தறியில் நெய்த தடித்த பருத்தித் துணியை இரண்டு மடிப்பாகத் தைத்து, கைபிடிக்கு உள்ளே நாடா வைத்தால் அரிசி ஐந்து கிலோவும் தாங்கும். பன் இழைக்கும் சகோதரிகள் பாயோடு நிற்காமல் பைகளும் செய்கிறார்கள். செருப்புக்கு இவ்வளவு இலேசான பதில் இல்லை. றப்பர் செருப்பின் வார் அறுந்தால் வாரை மட்டும் மாற்றிப் போடலாம், முழுச் செருப்பையும் வாய்க்காலில் எறிய வேண்டியதில்லை. தோல் செருப்பு வைத்திருப்பவர்கள் மாரி மழைக்கு முன்னர் அதைத் துடைத்து, துணியில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தொட்டுப் பூசி, உள்ளே பழைய பத்திரிகைத் தாளை அடைத்து வையுங்கள். பொலித்தீன் பைக்குள் கட்டி வைத்தால் தை பிறப்பதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும்.